கலம்

முதலில் சுவர்.
ஸ்டேடியத்துச் சுண்ணாம்புச் சுவரில்
குதிகால் ஒட்ட நிற்கச் சொன்னார்கள்.
கொண்டையை அவிழ், முடிக்கு உயரம் கிடையாது
என்றார் அளக்கிறவர்.
நூற்றைம்பத்தொன்பது கேட்டது அரசாங்கம்.
எனக்கு அரை சென்டிமீட்டர் மிச்சம் இருந்தது.
எனக்கு முன்னால் நின்ற அணைக்கட்டுப் பெண்
இரண்டு தரம் மூச்சிழுத்து நிமிர்ந்தாள்.
பட்டை அவள் உச்சியைத் தொட்டது,
எண்ணைத் தொடவில்லை.
செருப்பை மாட்டிக்கொண்டு
வந்த வழியே போனாள்,
திரும்பிப் பார்க்காமல்.

ஓட்டத்துக்கு நான் பயப்படவில்லை.
பேர்ணாம்பட்டு ஷூ கம்பெனியில்
ஷிப்ட் முடிந்து கடைசி பஸ்ஸுக்கு ஓடிய கால்கள்.
போதாததற்குப் பாலாற்று மணலில் மூன்று மாதம்.
ஆறு என்று பேர்;
அதில் ஓடினது நான்தான்.

தமிழ்த் தாளில் பிரித்தெழுதக் கேட்டிருந்தார்கள்:
சிறைச்சாலை.
சிறை, கூட்டல் குறி, சாலை.
சாலை என்று எழுதும்போது
லேசாக ஒரு உறுத்தல்.

ஏனென்றால் பிறகு வந்த படிவத்தில்
பதினேழாம் கலம் கேட்டது:
எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா?

இரண்டு வருஷத்துக்கு முந்தைய சித்திரை.
தெருக்குழாயில் பதினோரு நாள் வெறும் காற்று.
குடியாத்தம் ரோட்டில் குடங்களைப் பரப்பி
நடுவில் உட்கார்ந்தோம்.
டவுன் பஸ் ஏழு, மாங்காய் லாரி இரண்டு நின்றன.
பிறகு வேன். பிறகு கல்யாண மண்டபம்.
மணமகள் அறை என்று எழுதிய கதவுக்குள்
எலுமிச்சை சாதப் பொட்டலத்தோடு
கைதாகி இருந்தோம்.
ஏட்டு எண்ணினார்: நாற்பத்து மூன்று.
மறுபடி எண்ணினார்: நாற்பத்து நான்கு.
மூன்றாம் தரம் நாற்பத்து மூன்று.
கன்னியம்மாவின் இடுப்புப் பிள்ளை
அவர் விரல் வரும்போதெல்லாம்
முந்தானைக்குள் போய்ப் போய் வந்தது.
"இத்த சேக்குறதா வேணாமா சார்?"
வயர்லெஸ்ஸில் கேட்டார்.
கரகரப்புதான் பதில்.
ஆறு மணிக்கு விட்டுவிட்டார்கள்.

விசாரிக்க வந்ததும் அதே ஏட்டு.
மோரைக் குடித்து மீசையைத் துடைத்தார்.
"கேஸே போடல. நம்பர் கீதா? இல்ல.
இல்லைன்னு எழுதிட்டுப் போவியா,
இன்னாம்மா நீ?"
அம்மா அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்,
பிறகு என்னைப் பார்த்தும்.
மறைத்தால் நீக்கப்படுவீர் என்று
தாளின் அடியில் பொடி எழுத்து.
அதற்கு அஞ்சி எழுதினேன் என்றால் பொய்.
அன்று உட்கார்ந்த பிறகுதானே
மறுநாள் குழாய் இருமிற்று,
செம்மண் கக்கிற்று,
தண்ணீர் விட்டது.
ஆம் என்று எழுதினேன்.
இடம் போதாமல் ஓரத்தில் வளைத்து:
குடிநீருக்காக. ஒரு பகல்.

நான்கு மாதம் ஒன்றும் வரவில்லை.
மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தேன்.
ஒருமுறை ஊசி நகத்தில் இறங்கிற்று.
அம்மா என்னோடு பேசினாள்,
ஆனால் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.
ஐந்தாம் மாதம்
தொரப்பாடிக்கு வரச்சொல்லி ஒரு தாள்.
பதினேழைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.
யாரும் படித்தார்களோ என்னவோ.

விடியலில் கவாத்து.
வேலூர் வெயில் எட்டு மணிக்கே
பூட்ஸுக்குள் ஏறிவிடும்.
சாவிக்கொத்தைக் குலுங்காமல் பிடிக்க,
கதவுக்கு முதுகு காட்டாமல் நிற்க,
கைதியின் பெயரைச் சரியாகச் சொல்ல
ஒரு வாரம்.
மதியம் வகுப்பு.
பயிற்சி தந்த அம்மா பதிவேட்டை விரித்தாள்.
"பூட்டுறதுக்கு முன்ன எண்ணு. தொறந்ததும் எண்ணு.
கணக்கு உதைச்சா
யாரும் வீட்டுக்குப் போக முடியாது, நீயும்தான்.
கெங்காதேவி, எழுந்திரு.
தாயோட உள்ள ஒரு கைப்புள்ள இருக்குது.
எண்ணிக்கையில சேப்பியா, மாட்டியா?"

ஐம்பது தொப்பிகள் திரும்பின.
விசிறி சுற்றியது.
வாய் வரை வந்தது கன்னியம்மா பேர்.

அம்மா காத்திருந்துவிட்டு
பலகையில் தானே ஒரு கோடு கிழித்தாள்.
"தனிக் கலம். அது கைதி இல்ல.
ஆனா பால் கணக்குக்கு வேணும்.
ராத்திரி அழுதா உனக்கும் தெரியணும்."

ஸ்கேல் கொண்டு வரவில்லை.
அடையாள அட்டையின் விளிம்பை வைத்து
நோட்டில் நானும் கோடு போட்டேன்.
ஒல்லிக் கலம், சற்றே கோணல்,
ஒற்றை இலக்கம்தான் கொள்ளும்.
இன்றைக்கு அது காலி.